ராமநாதபுரம் கரையில் புயல் அடித்தால் வெளியூரிலிருந்து எப்படி உதவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, திருப்பூர், பெங்களூரு, துபாய், சிங்கப்பூர் என்று எங்கோ இருந்துகொண்டு, தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள கரையில் புயலோ பெருமழையோ அடிக்கும்போது ஏதாவது செய்யத் துடிப்பவர்களுக்கான பக்கம் இது. ஊரில் உறவு உள்ளவர்களுக்கும், அங்கே ஒருவரையும் தெரியாதவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

இந்தக் கரையைப் பற்றி முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இங்கே இருப்பது ஒரு கடல் அல்ல, இரண்டு. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் நீரிணை. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். ஒரே புயலில் ஒரு பக்கம் படகுகள் நொறுங்கிக் கிடக்கும், மறுபக்கம் வெறும் மழையோடு போய்விடும். காற்று திசை மாறினால் நிலைமை தலைகீழாகும். ஆகவே ‘ராமநாதபுரம் மாவட்டம் பாதிப்பு’ என்ற ஒற்றை வரியை நம்பி எதையும் அனுப்ப வேண்டாம். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அனுப்புங்கள்.

பெயர் வைத்த புயலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திரிகோணமலையில் கரையேறி, மன்னார் வளைகுடாவுக்கு வந்து, ராமநாதபுரம் கரையோரம் நகராமல் நின்று வலுவிழந்தது. காற்றைவிட மழையே அப்போது பெரிய தொல்லையாக இருந்தது. 2024 நவம்பர் 20 அன்று புயல் எதுவுமே இல்லாமல் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பத்துக்கு அதற்குப் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

அடுத்தது, ராமேசுவரம் ஒரு தீவு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் ரயில் பாலத்தையும் உடைத்தது. அதைச் சீரமைக்க 46 நாள் ஆயிற்று, சாலைப் பாலம் அப்போது கிடையாது. 1988-ல் சாலைப் பாலம் வந்தது, 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்தார்கள். இன்றும் காற்று மிஞ்சினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், சாலையிலும் கனரக வண்டி போவது சிரமம். தீவுக்கான பொருளைப் புயலுக்கு முன்பே தீவுக்குள் வைத்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ இறக்கி வைத்து, பாதை திறந்ததும் எடுத்துப் போகலாம்.

புயல் அடிக்கிற அன்றைக்கே என்ன செய்ய முடியும்?

அன்றைக்குப் பணத்தைவிடத் தகவல் பெரிய உதவி. ஊரில் மின்சாரம் போயிருக்கும், கைபேசிக் கோபுரம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். உறவினரை மீண்டும் மீண்டும் அழைக்காமல் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அழைப்பு போகாத இடத்திலும் அது போய்ச் சேர வாய்ப்பு உண்டு, எதிர்முனையில் பேட்டரியும் மிஞ்சும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் ஊரோடு பேசி, மற்றவர்களுக்கு அவரே சொல்லட்டும்.

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றால் இந்த விவரங்களை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: படகின் பதிவு எண் (இந்தப் பகுதி விசைப்படகுகள் பலவற்றின் எண் ஐஎன்டி–டிஎன்–10–எம்எம் என்று தொடங்கும்), படகின் நிறம், படகில் போனவர்களின் பெயர், எந்தத் துறையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், கடைசியாக எந்தப் பக்கம் பார்த்ததாகச் சக மீனவர் சொன்னார், எத்தனை நாளுக்கு டீசலும் தண்ணீரும் இருந்தது. இந்த விவரங்களோடு இந்தியக் கடலோரக் காவல் படையை 1554-லும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093-லும் அழைக்கலாம். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. வெளி மாவட்டத்திலிருந்து அழைப்பவர்கள் 1077-க்கு முன்னால் 04567 சேர்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இந்தக் குறு எண்கள் பெரும்பாலும் போகாது. தமிழ்நாட்டில் இருக்கும் ஒருவரை அழைக்கச் சொல்லி, நேரத்தையும் எடுத்துப் பேசியவரின் பொறுப்பையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் வருவதில் எதை நம்புவது?

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இரண்டும் வெளியிடுவதை நம்புங்கள். பழைய கஜா, ஒக்கி புயல் காணொளிகள் ஒவ்வோர் ஆண்டும் புதிதுபோலச் சுற்றும். தேதியும் ஊர்ப்பெயரும் இல்லாத படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பற்றியும் வதந்தி அதிகம். 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 8, 9, 10 பேராபத்து, அதில் 10 என்பது புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்று பொருள். 11 அதைவிடக் கொடிய புயல் அல்ல. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான குறி அது.

பணம் அனுப்பவா, பொருள் அனுப்பவா?

பணம். அரிசியும் பருப்பும் பரமக்குடியிலும் மதுரையிலும் மொத்தக் கடைகளில் கிடைக்கின்றன. மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ராமேசுவரம் போகும் தேசிய நெடுஞ்சாலை அடைபட்டாலும் விரைவில் சீராகிவிடும். சென்னையில் வாங்கி 500 கிலோமீட்டருக்கு மேல் லாரி வாடகை கொடுத்து அனுப்புகிற செலவில், உள்ளூரில் இன்னும் பல குடும்பங்களுக்கு வாங்கலாம். வியாபாரம் படுத்துப்போன உள்ளூர்க் கடைக்காரருக்கும் அந்தப் பணம் போய்ச் சேரும்.

ஆனால் முதல் மூன்று நாள் குடும்பத்தின் கையில் பணம் இருந்தும் பயனில்லாமல் போகலாம். ஏ.டி.எம். இயங்காது, யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும், ஊர்க் கடையில் சரக்கு தீர்ந்திருக்கும். அந்த நாட்களுக்கு நன்றாக வேலை செய்கிற வழி இது: மின்சாரம் உள்ள ஊரில் இருக்கும் மொத்தக் கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, பட்டியல் சொல்லி, பணத்தை அவர் கடைக் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள். ஊர்க் கமிட்டி வண்டி வைத்து எடுத்துக்கொள்ளட்டும். பில் உங்கள் பெயருக்கு, சரக்கு அவர்கள் கைக்கு. நடுவில் யாரும் ரொக்கத்தைத் தொடுவதில்லை.

பணத்தை யாரிடம் கொடுப்பது?

மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றுக்கும் வேலை வேறு.

முதலமைச்சரின் பொது நிவாரண நிதி பெரிய அளவிலான பணிகளுக்குப் போகும். உங்கள் ஊருக்கு என்று குறித்துக் கொடுக்க முடியும் என எதிர்பார்க்காதீர்கள். கணக்கு எண்ணை அரசுத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், தள முகவரி ‘டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடிய வேண்டும். வருமான வரியில் இந்த நிதிக்கு 100 சதவீத விலக்கு உண்டு (1961-ம் ஆண்டுச் சட்டத்தில் இது 80ஜி பிரிவாக இருந்தது). பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுபவர்களுக்குத்தான் அது கிடைக்கும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது.

பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் என்றால் அதன் வரிவிலக்குப் பதிவு (80ஜி), அரசின் தொண்டு நிறுவனப் பதிவுத் தளமான ‘தர்பண்’ எண் இரண்டையும் கேளுங்கள். இந்தக் கரையில் புயலுக்கு முன்பிருந்தே வேலை செய்கிறதா என்று பாருங்கள். புயலுக்கு மறுநாள் பிறந்த அமைப்பு ஊரை அறிவதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

மூன்றாவது, ஊரின் சொந்த அமைப்பு: மீனவர் சங்கம், ஜமாத், பங்குப் பேரவை, கிராமக் கமிட்டி, மகளிர் குழு. வேகம் இங்கேதான் இருக்கிறது. கீழக்கரை போன்ற ஊர்களில் ஜமாத் சமையல் சில மணி நேரத்தில் அடுப்பேற்றிவிடும். ஆனால் ஓர் அமைப்பின் பட்டியலில் அதன் உறுப்பினர்தான் முதலில் வருவார்கள். ஊர்க் கடைசியில் குடிசை போட்டிருப்பவர், கணவரை இழந்தவர், வேறு சாதி, வேறு மதத்துக்காரர், உப்பளத்துக்கும் கரிமூட்டத்துக்கும் கூலிக்கு வந்தவர் விடுபட்டுப்போவார்கள். பணம் அனுப்பும் முன் “உங்கள் உறுப்பினர் அல்லாத வீடுகள் எத்தனை, அவர்களுக்கு யார் கொடுக்கிறார்கள்?” என்று கேளுங்கள். பணிவாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பதில் தெளிவாக இல்லை என்றால் அதே ஊரின் மகளிர் குழுவிடம் ஒரு பங்கைத் தனியாகக் கொடுங்கள். வெளியூர்க்காரர் செய்யக்கூடிய உதவிகளில் இந்த ஒரு கேள்விக்கு நாங்கள் பெரிய மதிப்புக் கொடுக்கிறோம்.

வெளிநாட்டில் இருக்கிறேன். அனுப்பலாமா?

நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பொறுத்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சம்பாதித்த சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடை அல்ல. பெறுகிற நிறுவனம் கடவுச்சீட்டு நகல் கேட்கும், கொடுத்துவிடுங்கள்.

சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் குடியுரிமை வாங்கியவர் தமிழராக இருந்தாலும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருந்தாலும், வெளிநாட்டு மூலமாகவே கருதப்படுவார். அவர் பணத்தை 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு பெற்ற அமைப்புதான் வாங்கலாம். அதுவும் புதுடெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள குறிப்பிட்ட கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய பணத்தை அந்த அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ‘பெரிய நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்கள் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் பிரித்துத் தருவார்கள்’ என்ற ஏற்பாடு இதனால் செல்லாது. ஊரில் உள்ள நண்பரின் சேமிப்புக் கணக்குக்கு ‘நிவாரணம்’ என்று எழுதி அனுப்பினால் மாட்டிக்கொள்பவர் அந்த நண்பர்தான்.

பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினருக்கு அவர்கள் வீட்டுச் செலவுக்கு அனுப்புவது வேறு. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அரசுக்குத் தெரிவிக்காமலே அவர்கள் பெறலாம்.

க்யூஆர் கோடு ஒன்று வந்திருக்கிறது. உண்மையா?

ஸ்கேன் செய்து பணம் போடாமல் நிறுத்துங்கள். திரையில் வரும் பெயரும் சுவரொட்டியில் உள்ள அமைப்பின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அமைப்பின் பெயரில் வேண்டுகோள், தனிநபர் பெயரில் கணக்கு என்றால் வேண்டாம். பணம் பெறுவதற்கு யாரும் பின் எண் போடத் தேவையில்லை. நிவாரணத் தொகை வந்திருக்கிறது, பின் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பாதிக்கப்பட்டவர்களையே ஏமாற்றும் அழைப்புகளும் வரும். ஊரில் உள்ள பெரியவர்களுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு.

அலுவலக நண்பர்களிடம் நானே திரட்டலாமா?

திரட்டலாம், ஆனால் உங்கள் சம்பளக் கணக்கில் வேண்டாம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது வருமானமா என்ற கேள்வி எழும். அனுப்பியவர்களில் ஒருவர் கணக்கு மோசடிப் புகாரில் சிக்கியிருந்தால் உங்கள் கணக்கும் முடங்கலாம். கொடுப்பவர்கள் நேரடியாக மொத்தக் கடைக்கோ பதிவு பெற்ற அமைப்புக்கோ செலுத்தட்டும். நீங்கள் ரசீதுகளை மட்டும் தொகுத்து ஒரு தாளில் கணக்கு வையுங்கள். யுபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம்தான் வரம்பு, பெரிய தொகைக்கு வங்கிப் பரிமாற்றம்.

பொருளாகவே அனுப்ப வேண்டிய நிலை. என்ன, எவ்வளவு?

முதல் மூன்று நாளுக்கு அடுப்பு தேவைப்படாத உணவு: அவல், பொரி, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ரஸ்க். விறகு நனைந்திருக்கும் வீட்டில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதன் பிறகு நால்வர் குடும்பத்துக்கு ஒரு வாரக் கணக்கு: அரிசி 10 கிலோ, துவரம்பருப்பு ஒன்றரை கிலோ, கொண்டைக்கடலை 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், சர்க்கரை 1 கிலோ, உப்பு 1 கிலோ, மிளகாய்த்தூள், புளி, மஞ்சள், தேயிலை. நிவாரணத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்பது அளவுகோல், இந்தப் பையில் ஏறக்குறைய 2,000 வரும். ரேஷன் கடையில் அரிசி கிடைக்கத் தொடங்கிவிட்டால் அரிசியைக் குறைத்துப் பருப்பையும் எண்ணெயையும் கூட்டுங்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் அரிசியையே கொண்டுவந்து குவிப்பார்கள், பருப்புக்குத்தான் தட்டுப்பாடு வரும்.

ஒரு பை சுமார் 17 கிலோ. நூறு குடும்பத்துக்கு 1.7 டன். டாடா ஏஸ் வண்டி முக்கால் டன்தான் ஏற்றும், ஆகவே மூன்று நடை அல்லது பெரிய வண்டி ஒன்று. வெளிமாநிலத்திலிருந்து 50,000 ரூபாய் மதிப்பைத் தாண்டிய சரக்கு என்றால் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான ஜிஎஸ்டி மின்சீட்டு) வேண்டும், கடைக்காரரே எடுத்துத் தருவார். வழியில் வண்டியை மறித்துச் சரக்கை இறக்கிக்கொள்வதைத் தடுக்க, ஊர் எல்லையில் கமிட்டி ஆள் வந்து ஏறிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். பகலில் போய்ச் சேர வேண்டும்.

உணவைத் தவிர: நாப்கின், புது உள்ளாடை, கைலி, நைட்டி, துண்டு, பாய், போர்வை, சோப்பு, மூடியுள்ள 20 லிட்டர் வாளி, கொசுவலை, டார்ச். ஒவ்வொரு பெட்டியின் நான்கு பக்கமும் உள்ளே என்ன, எந்த ஊருக்கு என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். கலந்து கட்டிய பெட்டியைப் பிரித்து அடுக்க அங்கே ஆள் இருக்காது.

பழைய துணி?

வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் மலைபோலக் குவிந்து மழையில் மக்கிக் கிடந்தவை பழைய துணிகள்தான். அவற்றை அள்ளி அகற்றுவதே தனி வேலையாயிற்று.

குழந்தைகளுக்குப் பால் பவுடர்?

கூடவே கூடாது. கலக்குகிற தண்ணீர் கெட்டிருந்தால் வயிற்றுப்போக்கு, அது கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பால் பவுடரை நன்கொடையாக வழங்குவதையே தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகள் பற்றிய 1992-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, ஆதரவற்றோர் இல்லங்களுக்கு மட்டும் விலக்கு. பால் கொடுக்கிற தாய்க்கு நல்ல சாப்பாடும், தனியாக உட்கார ஒரு மறைப்பும் ஏற்பாடு செய்யுங்கள். தாய் இல்லாத குழந்தை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகத்தான் செய்ய வேண்டும்.

குடிநீருக்கு என்ன வழி?

இந்தக் கரையில் சாதாரண நாளிலேயே குடிநீர் அரிது. நிலத்தடி நீர் பல ஊர்களில் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர், குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் வண்டித் தண்ணீர், ஊருணி இவற்றை வைத்தே காலம் ஓடுகிறது. புயலில் மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி காலி. கடல் ஏறினால் ஊருணியும் கெட்டது.

கணக்கு எளிது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். 400 பேர் உள்ள குடியிருப்புக்கு 6,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று இரண்டு நாளுக்கு வரும். லாரி வந்து நின்றால் போதாது, ஊற்றி வைக்க 500 அல்லது 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி தெருவுக்கு ஒன்றாவது வேண்டும். தொட்டி இல்லாத ஊருக்கு லாரியை அனுப்பினால் குடம் நிரம்பியதும் மிச்சத் தண்ணீரோடு திரும்பிவிடும். ஆகவே முதலில் தொட்டி, பிறகு லாரி. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற ஜெனரேட்டர் வாடகையும் டீசலும் கொடுத்தால் அது எல்லாவற்றையும்விட மலிவு. ஊராட்சியின் பம்ப் ஆபரேட்டரிடம் மோட்டார் எத்தனை குதிரைத்திறன், ஒரு பேஸா மூன்று பேஸா என்று கேட்டுவிட்டு ஜெனரேட்டர் பேசுங்கள். சிறியதை எடுத்துப்போனால் மோட்டார் கிளம்பவே கிளம்பாது.

ஒரு லிட்டர் பாட்டில்களை லாரி லாரியாக அனுப்பாதீர்கள். காலிப் பாட்டில்கள் மன்னார் வளைகுடாவுக்குள்தான் போய்ச் சேரும்.

கிருமி நீக்க: தெளிந்த 1,000 லிட்டர் தண்ணீருக்கு 33 சதவீதக் குளோரின் உள்ள புது பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். திறந்து வைத்த பழைய மூட்டையில் வீரியம் போயிருக்கும். கலங்கல் தண்ணீரில் இந்த அளவு பற்றாது, முதலில் தெளிய வைக்க வேண்டும். மாத்திரை அனுப்புகிறீர்கள் என்றால் எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். 1 லிட்டர் மாத்திரையும் 20 லிட்டர் மாத்திரையும் ஒரே பையில் கலந்துபோனால் ஆபத்து. குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது.

கடல்நீர் புகுந்த கிணற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மணற்பாங்கான ராமேசுவரம், மண்டபம் பகுதியில் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. பெரிய டீசல் பம்ப் வைத்துக் கிணற்றை ஒரே மூச்சில் வற்ற இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலேறி, கிணறு நெடுநாளைக்குக் கெட்டுப்போகும். சேற்றை அள்ளிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்க வேண்டும். உப்பைத் தணிப்பது மழையின் வேலை. பம்ப் வாங்கித் தருகிறவர்கள் இதையும் சொல்லித் தர வேண்டும்.

படகு போய்விட்டது என்கிறார்கள். எப்படி உதவுவது?

எஞ்சினில் தொடங்குங்கள், நேரம் மிக முக்கியம். கடல்நீரில் மூழ்கிய எஞ்சினை வெளியே எடுத்து வெயிலில் வைத்தவுடன் துரு வேகமாகப் பிடிக்கும். ஒரு நாளுக்குள் நல்ல தண்ணீரில் கழுவி, பிளக் அல்லது இன்ஜெக்டரைக் கழற்றி, சிலிண்டரில் உள்ள நீரை வடித்து, பழைய ஆயிலை மாற்றி, உள்ளே ஆயில் விட்டுக் கையால் சுழற்றிவைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மணல் புகுந்திருந்தால் பிரிக்காமல் சுழற்றவே கூடாது. ஒரு வாரம் கிடந்தால் பிஸ்டன் இறுகி, எஞ்சினே புதிதாக வாங்க வேண்டியதுதான். புயல் ஓய்ந்த முதல் இரண்டு நாளில் மெக்கானிக் இருவருக்குக் கூலியும் வண்டியும், கேன் கணக்கில் ஆயிலும் நல்ல தண்ணீரும் கொடுத்தால், பிறகு லட்சக் கணக்கில் தேட வேண்டிய பொருள் மிஞ்சும். இதற்கு யாரும் பணம் திரட்டுவதில்லை. திரட்ட வேண்டும்.

உடைந்த ஃபைபர் படகு பலவற்றை ரெசின், ஃபைபர் மேட், கெட்டியாக்கும் மருந்து வைத்துக் கரையிலேயே ஒட்டலாம். ஈரத்தில் ஒட்டாது, இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும். நாட்டு வள்ளம் என்றால் பலகையும் ஆசாரியும்.

அரசு கொடுப்பதை மட்டும் நம்பி இருக்க முடியாது. 2022–26 காலத்துக்கான பேரிடர் நிவாரண நிதி விதிப்படி முழுதாகச் சேதமான படகுக்கு 15,000 ரூபாய், பகுதிச் சேதத்துக்கு 6,000 என்று இருந்தது. மாநில அரசு சில சமயம் கூட்டித் தரும். எஞ்சினோடு ஒரு ஃபைபர் படகு லட்சங்களில். அந்த இடைவெளியை வட்டிக்கும் வியாபாரியிடம் முன்பணத்துக்கும் கடன் வாங்கி நிரப்புகிறார்கள். பிறகு பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே போட வேண்டியிருக்கும். வட்டியில்லாத சுழல் நிதி ஒன்றை மகளிர் குழுவிடம் வைப்பது இதற்கு நல்ல மருந்து.

புதுப் படகு வாங்கித் தருவதில் நிதானம் தேவை. சுனாமிக்குப் பிறகு ஆளுக்காள் படகு கொடுத்து, கடலில் படகு மிகுந்து மீன் பங்கு குறைந்தது. இருந்தவருக்கு இருந்த அளவுக்குத் திருப்பிக் கொடுப்பதே நியாயம். வலை வாங்கும்போது கண்ணி அளவு, நூல் தடிமன், எந்த மீனுக்கு என்பதைப் பயன்படுத்தப்போகிறவரிடமே கேளுங்கள். நண்டு வலை கேட்டவருக்குச் சாளை வலை கொடுத்தால் அது வீட்டில்தான் கிடக்கும்.

படகு இல்லாதவர்களுக்கு?

இவர்கள்தான் கணக்கெடுப்பில் விடுபடுகிறவர்கள். படகுக்குப் பதிவு எண் இருக்கிறது. பாசி எடுக்கிற பெண்ணின் கைக்கும் கருவாட்டுக்காரியின் கூடைக்கும் பதிவு எண் கிடையாது. உப்பளத்தில் பாத்தி கரைந்துபோனால் கூலி இல்லை. விசைப்படகில் போகிற கூலி மீனவருக்கும் படகு அவருடையதல்ல, நிவாரணம் உரிமையாளருக்குத்தான்.

கடற்பாசி வளர்ப்பவர்களுக்குத் தேவை தெளிவானது. 12-க்கு 12 அடி மூங்கில் மிதவை ஒன்றுக்கு விதைப்பாசி சுமார் 60 கிலோ, அறுவடைக்கு 45 நாள். புயலில் மிதவை சிதறும், விதையும் போகும். மூங்கிலும் கயிறும் பணம் கொடுத்தால் கிடைத்துவிடும். விதைதான் சிக்கல், எல்லார் மிதவையும் ஒரே நாளில் போயிருக்கும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் கேட்கச் சொல்லுங்கள். வாடைக் கடல் அடங்குமுன் புது மிதவை போட்டால் அதுவும் போய்விடும், ஆகவே இந்த உதவியை ஜனவரிக்கு வையுங்கள். அதுவரை அந்தக் குடும்பத்துக்கு வீட்டுச் செலவு.

கூரைக்கு?

குடும்பத்துக்கு 4-க்கு 6 மீட்டர் தார்ப்பாய் இரண்டு, 30 மீட்டர் கயிறு இரண்டு. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை உள்ளதை வாங்குங்கள். மெல்லிய நீலப் பாய் முதல் வாடைக் காற்றிலேயே கிழிந்துவிடும். கடல்நீர் புகுந்த வீட்டில் மின்சாரம் வந்தாலும், எலக்ட்ரீசியன் பார்த்துச் சொல்லும்வரை மெயின் சுவிட்சைப் போடக்கூடாது.

நேரில் வந்து உதவலாமா?

முதல் வாரம் வேண்டாம். உங்களுக்கும் சாப்பாடும் படுக்கையும் தண்ணீரும் அந்த ஊரே தர வேண்டியிருக்கும். மருத்துவர், செவிலியர், மின்பணியாளர், எஞ்சின் மெக்கானிக், மரம் அறுக்கும் இயந்திரம் இயக்கத் தெரிந்தவர் மட்டும் ஆட்சியர் அலுவலகத்தில் சொல்லிவிட்டு வரலாம். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும், தேங்கிய நீரில் இறங்கக் கம்பூட்ஸ் வேண்டும். எலிக்காய்ச்சல் வரும்.

வெளியூரிலிருந்தே செய்யக்கூடிய எழுத்து வேலை ஏதாவது?

நிறைய இருக்கிறது, பணம் இல்லாதவர்களும் செய்யலாம். இடிந்த சுவரையும் உடைந்த படகையும் அப்புறப்படுத்தும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு படத்தில் வீட்டுக்காரரும், இன்னொன்றில் படகின் பதிவு எண்ணும் தெரிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் மீன்வளத் துறையினரும் கணக்கெடுக்க வரும்போது அதுவே சான்று. நனைந்துபோன ஆதார், குடும்ப அட்டையை இணையத்தில் எடுத்து அச்சிட்டு அனுப்பலாம்.

குடும்பத்தில் யாராவது இறந்திருந்தால் அவர் வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் பிரதமரின் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் இருந்தால் ஆயுள் காப்பீடு. ஒவ்வொன்றிலும் 2 லட்சம். பிடித்தம் நடந்ததே தெரியாத குடும்பங்கள் உண்டு. விபத்துக் காப்பீட்டுக்கு முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள், 30 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களால் இதைச் செய்ய இயலாது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

தூக்கமில்லை, கடலைப் பார்த்தாலே நடுக்கம் என்று யாராவது சொன்னால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கொடுங்கள், தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

எத்தனை நாளுக்கு உதவ வேண்டும்?

ஆறு மாதம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். கையில் உள்ளதில் பத்தில் மூன்று பங்கு முதல் வாரத்துக்கு, நான்கு பங்கு அடுத்த ஆறு வாரத்துக்கு, மிச்சம் மூன்று ஏப்ரலுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நவம்பர் புயலில் வாரக் கணக்கில் வேலை இழந்து கடன் வாங்கிய கூலி மீனவர், அந்தக் கடன் அடையும் முன்பே 61 நாள் மறுபடியும் கரையில் உட்காருவார். அப்போது செய்தியில் புயல் இருக்காது, உதவி கேட்டு யாரும் சுவரொட்டி அனுப்பவும் மாட்டார்கள்.

புயல் இல்லாத மாதங்களில் செய்ய ஏதேனும் உண்டா?

செப்டம்பருக்குள் ஊரில் நால்வரின் எண்ணை வாங்கி வையுங்கள்: பம்ப் ஆபரேட்டர், மகளிர் குழுத் தலைவி, மீனவர் சங்கத்தில் ஒருவர், எஞ்சின் மெக்கானிக். பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ ஒரு மொத்தக் கடையோடு பேசி விலைப்பட்டியல் வாங்குங்கள். தீவுக்கு என்றால் ஐம்பது தார்ப்பாயும் கயிறும் இரண்டு தொட்டியும் புயல் பாதுகாப்பு மையத்திலோ பள்ளியிலோ அக்டோபருக்கு முன்பே இறங்கியிருக்கட்டும். மேலே சொன்ன இரண்டு காப்பீடுகளுக்கும் ஆண்டு ஜூன் 1-ல் தொடங்குகிறது. ஊரில் தெரிந்தவர்கள் ஒவ்வொருவர் கணக்கிலும் மே மாதக் கடைசி வாரத்தில் 456 ரூபாய் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் போட்டுவிடுங்கள்.